ஊதவும் உறிஞ்சவும்: மௌத் ஆர்கனைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி?

நாதஸ்வரம், புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் மூச்சை வெளியே விட்டு வாசிக்கிற வாத்தியங்கள். வாசிப்பவர் மூச்சு வாங்க வேண்டுமென்றால் மூக்கால் வாங்குவார், அல்லது உதட்டோரமாக வாங்குவார். மௌத் ஆர்கனில் பாதிச் சுரங்கள் ஊதினால் வரும். மறுபாதி உறிஞ்சினால்தான் வரும். பத்துத் துளை கொண்ட சாதாரண மௌத் ஆர்கனில் 20 ரீடுகள் இருக்கின்றன. அவற்றில் 10 உள்ளிழுக்கும் மூச்சுக்கானவை. ஆகவே, கருவிக்குள் என்ன காய்ந்து கிடக்கிறதோ அதைத் தடவிக்கொண்டு வரும் காற்று நேராக நுரையீரலுக்குப் போகிறது. இதன் சுத்தத்தைப் பற்றிய பேச்சு இங்கிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது ‘எதை ஊற்றிக் கழுவலாம்?’ என்பதில் தொடங்கி, ரீடு கெட்டுப்போவதில் முடிகிறது.

இதில் இரண்டு கவலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அடுத்தவர் வாயிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் நோய்க்கிருமி. மற்றது, நம் எச்சிலே ஈரத்தில் ஊறிக் கிடந்து வளர்க்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும். முதலாவதற்குக் கிருமிநாசினி வேண்டும், அல்லது கருவியைக் கைமாற்றாமல் இருக்க வேண்டும். இரண்டாவதற்குத் துடைப்பதும் உலர்த்துவதுமே பெரிய வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், வீட்டில் தனியாக வாசிக்கிறவர் தினமும் ஸ்பிரிட் அடிக்கிறார். இசை வகுப்பில் ஒரே கருவியைப் பல பிள்ளைகள் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டு மாறி மாறி வாசிக்கிறார்கள்.

கருவியின் உள்ளமைப்பு தெரியாமல் மேலே போக முடியாது. நடுவில் அறை அறையாக வெட்டிய ஒரு சட்டம். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பித்தளைத் தகடு. தகட்டில் நீளவாக்கில் பிளவுகள், ஒவ்வொரு பிளவின் மேலும் ஒரு முனையில் மட்டும் அறையப்பட்ட மெல்லிய நாக்கு. அதுதான் ரீடு. இவற்றுக்கு வெளியே இரண்டு மூடிகள். ரீடுக்கும் பிளவின் ஓரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு குறுகியது. அதில் ஒரு நூலிழையோ, காய்ந்த எச்சில் துணுக்கோ சிக்கினால் சுரம் அடைத்துவிடும். பத்துத் துளைக் கருவியில் ஊதும் ரீடுகள் மேல்தகட்டின் உட்பக்கம், அறைக்குள்ளேயே இருக்கும். அதனால் எச்சில் அவற்றின் மேல்தான் முதலில் படும். உறிஞ்சும் ரீடுகள் கீழ்த்தகட்டின் வெளிப்பக்கம், மூடிக்கு அடியில் இருக்கும். சட்டைப்பையிலுள்ள பஞ்சும் தூசியும் அவற்றைத்தான் பிடிக்கும். மூடியை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு ‘உள்ளே சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

நடுச்சட்டம் எதனால் ஆனது என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஜெர்மனியின் டிரோசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கிய ஹோனர் நிறுவனம் 1896இல் கொண்டுவந்த மரைன் பேண்டுக்குப் பேரிக்காய் மரச் சட்டம். அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் 20க்குப் பிளாஸ்டிக். அலுமினியச் சட்டங்களும் உண்டு. ரீடு பெரும்பாலும் பித்தளை. ஜப்பானின் சுசுகி பல கருவிகளில் பாஸ்பர் வெண்கலம் வைக்கிறது. சைடல் நிறுவனத்தில் துருப்பிடிக்காத எஃகு ரீடும் கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் சீனத்து 24 துளைக் கருவி டிரெமோலோ வகை. அதில் 48 ரீடுகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிற்றறையும் உண்டு. அறை சிறியதென்பதால் அழுக்கு சேர்ந்தால் எடுப்பது கடினம். குரோமாட்டிக் வகையிலோ ரீடுகளின் பின்புறம் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கழுவுவதைப் பொறுத்தவரை மிகவும் நோஞ்சான் இதுதான்.

இனி, பயம் எவ்வளவு நியாயமானது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் பள்ளி பேண்டு ஒன்றின் 13 கருவிகளை ஆராய்ந்தவர்கள், ஒரு மாதமாக யாரும் தொடாத கருவிகளிலும் உயிருள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் இருப்பதைக் கண்டார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கிளாரினெட்டில் வேண்டுமென்றே தடவிய சாதாரண பாக்டீரியாக்கள் ஓரிரு நாளுக்குள் பெரும்பாலும் செத்துவிட்டன. காசநோய்க் கிருமியின் வகையைச் சேர்ந்த ஒன்று மட்டும் 13 நாள் வரை தாங்கியது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்த வரியைப் படித்தால் பகீரென்றிருக்கும். ஆனால் ஒரு பரப்பில் கிருமி உயிரோடிருப்பது வேறு, அதனால் நோய் தொற்றுவது வேறு. காசநோய் பரவுவது இருமலில் காற்றில் மிதக்கும் துகளால்தான். தட்டு, டம்ளர் பகிர்வதால் பரவுவதில்லை என்பதே மருத்துவ நிலைப்பாடு. கொரோனா காலத்திலும் இதே கதை. 2020இல் வந்த ஆய்வு, அந்த வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் தாங்கும், செம்பில் 4 மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று காட்டியது. உலகமே காய்கறியைக் கழுவத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், தொட்ட பரப்பால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது.

அந்தக் கணக்கைக் கதவுக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். மௌத் ஆர்கன் கையால் தொட்டுவிட்டுப் போகிற பொருளல்ல. ஒருவர் எச்சில் ஈரம் காயும் முன்பே இன்னொருவர் உதட்டில் வைத்து உறிஞ்சினால், அது எச்சிலைப் பகிர்வதுதான். உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ், சளிக்காய்ச்சல், தொண்டைப்புண் எல்லாவற்றுக்கும் அந்த வழி போதும். மரச் சட்டம் ஊறிப் புடைத்தால் அதன் பற்கள் உதட்டைக் கிழிப்பதும் உண்டு. அப்போது இரத்தமும் சேர்கிறது. உலர்ந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்.

மற்றவர் யாருமே தொடாத கருவியில் என்ன ஆபத்து? இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் சான்றுகள் இருக்கின்றன. 15 ஆண்டுகளாக இருமிக்கொண்டிருந்த ஒரு டிராம்போன் கலைஞரின் கதை 2010இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்தது. வாத்தியத்தை வாசிக்காமல் இருந்தபோது இருமல் தணிந்தது. குழாய்க்குள் தேங்கிய நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் இருந்தன. ஆல்கஹாலால் கழுவத் தொடங்கிய பின் அவர் தேறினார். 2016இல் பிரிட்டனிலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது. தினமும் பேக்பைப் வாசித்துவந்த 61 வயதுக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் மூச்சுத்திணறலால் அவதிப்பட்டார். கருவியை எடுத்துச் செல்லாமல் மூன்று மாதம் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது உடல் நன்றாகத் தேறியது. திரும்பி வந்து வாசித்ததும் மீண்டும் மோசமாகி, கடைசியில் இறந்துபோனார். கருவியின் பையிலும் குழலிலும் பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. இருவருக்கும் வந்தது தொற்றுநோய் அல்ல. கருவிக்குள் வளர்ந்த நுண்ணுயிர்த் துகள்களைத் திரும்பத் திரும்பச் சுவாசித்ததால் நுரையீரல் ஒவ்வாமை கொண்டு வீங்கியது.

டிராம்போன் ஒன்பதடிக் குழாய். பேக்பைப்பில் ஈரம் காயாத ஒரு பை. மௌத் ஆர்கன் உள்ளங்கைக்குள் அடங்குவது, இருபக்கமும் திறந்தது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் இந்தக் கதைகளைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் வாசித்து முடித்த ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடி, மழைக்காலத்தில் அலமாரியில் வைத்தால், அந்த நல்ல குணம் போய்விடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதமே பூஞ்சைக்குப் போதுமானது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியாகவே மௌத் ஆர்கன் சொல்லித்தரும் திட்டங்கள் மேலைநாடுகளில் நடக்கின்றன. நுரையீரல் பலவீனமானவர் கையில் உறிஞ்சும் வாத்தியம் இருக்கும்போது, அது காய்ந்திருப்பதும் மருத்துவத்தில் சேர்த்தி.

ஆகவே அன்றாட வேலை எளிது. வாசிக்கும் முன் வாயைக் கொப்பளிக்க வேண்டும். காபி, டீ, மிட்டாய் சாப்பிட்ட வாயோடு ஊதினால் சர்க்கரை ரீடில் பாகாகக் காய்ந்துவிடும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் எச்சில் வடியும். மூடியையும் துளை விளிம்பையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பெட்டியைத் திறந்தபடி சில மணி நேரம் வைக்க வேண்டும். வெயிலில் வேண்டாம், மின்விசிறிக் காற்று போதும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். இதை ஒழுங்காகச் செய்கிறவருக்கு மேற்கொண்டு ரசாயனம் எதுவும் அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆண்டுக்குச் சில முறை உள்ளே கழுவ வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் சட்டம், திருகாணி வைத்த மூடி என்றால் வேலை சுலபம். மூடியின் திருகாணிகளையும் பிறகு தகட்டின் திருகாணிகளையும் கழற்றி, எது மேல், எது கீழ் என்று குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தையும் மூடிகளையும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். ரீடுத் தகட்டை அதே நீரில் முக்கி எடுத்து, அறையப்பட்ட முனையிலிருந்து நுனியை நோக்கி மட்டும், அழுத்தாமல் தடவ வேண்டும். குறுக்கே தேய்த்தால் ரீடு நகர்ந்து பிளவின் ஓரத்தில் முட்டும். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிவு ரீடு இடுக்கில் காய்ந்து நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. மூடிகளை மாட்டும் முன் எல்லாம் முழுக்கக் காய வேண்டும்.

மரச் சட்டத்துக்குத் தண்ணீர் ஆகாது. பழைய புளூஸ் கலைஞர்கள் மரைன் பேண்டைத் தண்ணீரில் முக்கி, மரம் ஊதிக் காற்றுக் கசிவு அடைபட, உரத்த ஓசையில் வாசித்தது உண்மைதான். ஆனால் ஊறியும் காய்ந்தும் மரம் விரியும். சில மாதத்தில் கருவி முடிந்துபோகும். அவர்களுக்கு அது கைச்செலவு. நமக்கு அப்படியில்லை. ஆணியடித்த பழைய மாதிரிகளைப் பிரிக்காமல், மூடிகளை மட்டும் துடைத்துக் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இப்போது கிருமிநாசினிகளுக்கு வருவோம். முதல் விதி: அழுக்கு இருக்கும்போது கிருமிநாசினி வேலை செய்யாது. காய்ந்த எச்சில் படலம் கிருமிக்குக் கவசம். முதலில் கழுவு, பிறகு கிருமிநாசினி; இந்த வரிசை மாறினால் செலவுதான் மிச்சம்.

கைக்கெட்டும் சரக்குகளில் மிகப் பொருத்தமானது 70 சதவீத ஆல்கஹால், ஐசோபுரோபைலோ எத்தனாலோ. 60 முதல் 90 சதவீதம் வரைதான் நன்றாக வேலை செய்யும். 99 சதவீதம் என்றால் இன்னும் வலிமை என்று நினைப்பது தவறு. கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும், தூய ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடும். பரப்பு ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பித்தளையையும் எவர்சில்வரையும் ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. பொதுவான பிளாஸ்டிக் சட்டமும் தாங்கும். ஆனால் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடிகளில் நுண்விரிசல் விடும். அரக்கு பூசிய மரத்தில் பூச்சைக் கரைத்துவிடும். குரோமாட்டிக்கில் வால்வுப் பசையைப் பதம் பார்க்கும். சில வைரஸ்களையும் பாக்டீரிய வித்துகளையும் அது கொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பங்கரையிலோ சாமி விளக்கின் அருகிலோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஈரம் முழுக்க ஆவியான பிறகே வாயில் வைக்கலாம். இது உறிஞ்சுகிற வாத்தியம்.

மருந்துக்கடையில் ‘ஸ்பிரிட்’ என்று கேட்டு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மெத்தனால் கலந்தது வாய்ப்பொருளுக்கு நஞ்சு. கைகழுவும் சானிடைசர் ஜெல்லும் ஆல்கஹால்தானே என்று தோன்றும். அதிலுள்ள கிளிசரினும் கெட்டியாக்கும் பொருளும் ரீடில் பிசுக்காக நிற்கும். டெட்டால் வேண்டாம், வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாது, உதடு படும் பொருளுக்கு உகந்ததுமல்ல. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல கிருமிநாசினி, கடைசியில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் சட்டத்துக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பித்தளை மட்டும் கறுக்கும். பல்செட் கழுவும் மாத்திரைக்கும் இதே தீர்ப்புதான்: சட்டத்துக்குச் சரி, ரீடுக்கு வேண்டாம்.

பிளீச்சிங் திரவத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குளோரின் பித்தளையை அரிக்கும், எவர்சில்வரில் குழிகள் போடும். உப்பு நீரும் அதன் சொந்தக்காரர்தான். ரீடில் விழும் ஒரு சிறு குழி வெறும் அழகுக் குறையல்ல. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரும் தகட்டில் விரிசல் தொடங்கும் இடம் அது.

எல்லாவற்றையும்விடத் தந்திரமான எதிரி அம்மோனியா. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகளில் விரிசல். காரணம் நெடுநாள் புரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், உறையை அழுத்தி வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று 1921இல்தான் விளக்கினார்கள். ரீடும் உருட்டி மெலிதாக்கிய பித்தளைதான். அடிமுனையில் அறையப்பட்டு, ஓயாமல் வளைந்து நிமிர்வது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானால் மூடியைப் பளபளப்பாக்குகிறவர், அந்தப் புகை உள்ளே யாரைத் தொடுகிறது என்று யோசிப்பதில்லை.

புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பித்தளை என்றால் கை தானாகப் புளிக்கோ எலுமிச்சைக்கோ போகும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல ரீடைத் தேய்த்தால், மின்னும், ஆனால் பாடாது. அமிலம் களிம்போடு உலோகத்தையும் சிறிது கரைத்துக்கொண்டு போகும். கருவி செய்பவர்கள் சுருதி சேர்ப்பதே ரீடைச் சுரண்டித்தான்: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். தேய்க்கிறவர் தெரியாமலே சுருதி மாற்றிக்கொண்டிருக்கிறார். மங்கலான ரீடு அழுக்கான ரீடு அல்ல. அதை அப்படியே விட்டுவிடலாம். வினிகருக்கும் இதே பதில்.

பித்தளையே கிருமியைக் கொல்லுமே என்று கேட்பவர்கள் உண்டு. 2008இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 60 சதவீதத்துக்கு மேல் செம்பு கொண்ட உலோகக் கலவைகளைக் கிருமிகொல்லும் பரப்புகளாகப் பதிவு செய்தது. இரண்டு மணி நேரத்தில் குறிப்பிட்ட பாக்டீரியாக்களில் 99.9 சதவீதம் சாகும். ஆனால் அந்தப் பரப்பை முறையாகச் சுத்தம் செய்துவர வேண்டும் என்பது அதோடு சேர்ந்த நிபந்தனை. எச்சில் படிந்த தகடு அந்தக் கணக்கில் வராது. தவிர, உதடு படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும்தான்.

வேறு வழிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கொதிநீரில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் நெளியும், மரம் வெடிக்கும், வால்வு கழன்று மிதக்கும். புறஊதாக் கதிர்ப் பெட்டிகள் கொரோனா காலத்தில் கூவி விற்கப்பட்டன. அந்த ஒளி நேராகப் படும் இடத்தில்தான் வேலை செய்யும், மௌத் ஆர்கனின் உள்ளறைகள் முழுக்க நிழல். அல்ட்ராசானிக் தொட்டியைப் பழுதுபார்ப்பவர்கள் வால்வில்லாத ரீடுத் தகடுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே சுத்தமாகும், ஆனால் அது கிருமிநீக்கம் அல்ல, கழுவல்தான். இவை எதுவும் இல்லாமல் நன்றாகக் காயவைத்துச் சில நாள் தொடாமல் வைப்பது மலிவான வழி. பெரும்பாலான சுவாச வைரஸ்கள் அதில் செத்துவிடும். பூஞ்சை சாகாது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். முழுக்கப் பிரித்து, கழுவி, ஆல்கஹாலில் நனைத்து, காயவைத்து மீண்டும் பூட்ட ஒரு கருவிக்கு அரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு வருவதற்குள் இதை எந்த ஆசிரியராலும் செய்ய முடியாது. வெளிப்பக்கத்தைத் துடைப்பது வெறும் சடங்கு. உள்ளே ஊதும் ரீடின் மேல் கிடக்கும் எச்சிலை அது தொடுவதே இல்லை. ஆகவே, விலை குறைந்ததானாலும் பிள்ளைக்கு ஒன்று, பெயர் எழுதிய பை ஒன்று. இதில் சமரசத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம். கீபோர்டையோ வயலினையோ பகிரலாம். இதைப் பகிர முடியாது.

கடைகளிலும் இதே கேள்வி. வெளிநாட்டுக் கடைகளில் மௌத் ஆர்கனைச் சோதிக்கச் சின்னத் துருத்தி ஒன்று வைத்திருப்பார்கள்; கருவியை அதன் மேல் பொருத்தி அழுத்தினால் எல்லாச் சுரமும் ஒலிக்கும், யார் வாயும் படாது. வாங்கிய கருவியைச் சுகாதாரம் கருதித் திருப்பி எடுக்க மாட்டோம் என்பதும் பொதுவான வழக்கம். நம் ஊரில் கடைக்காரரே ஊதிக் காட்டிவிட்டு நீட்டுவதுண்டு. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் சட்டமென்றால் ஒருமுறை பிரித்துக் கழுவி 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கலாம். மரச் சட்டமென்றால் உறை பிரிக்காத பெட்டியைக் கேட்டு வாங்குவது மேல்.

தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைக்கும் பழைய கருவிகள்தான் மிகவும் சிக்கலானவை. பச்சைக் களிம்பு ஏறிய தகடு, கறுத்துப் புழுங்கல் வாடை அடிக்கும் மரம். ஆசையில் உடனே உறிஞ்சிப் பார்க்கத் தோன்றும். பல ஆண்டுப் பூஞ்சைத் தூளை நுரையீரலுக்குள் இழுக்கும் செயல் அது. தகட்டை விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரால் மீட்க முடியும். மரம் உள்ளே வரை பூத்திருந்தால் எந்தத் திரவமும் அதை எட்டாது. புதுச் சட்டம் மாற்ற வேண்டும். சில மாடல்களுக்குப் பிளாஸ்டிக் அல்லது அலுமினியச் சட்டம் தனியாகவே கிடைக்கிறது. கிடைக்காத மாடலென்றால் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, வாசிப்பதற்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.